ஒன்பதா, எட்டா?



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று பெரியோர் கூறுவர். கட்டுரை ஏட்டில் இந்தப் பழமொழியை எழுதி நாங்கள் பலமுறை மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு உள்ளபடியே விளங்கியது, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நடந்த விஞ்ஞானக் கண்காட்சியில்தான்.

சர் சி. வி. இராமன் தமது ஒளிச் சிதறல் கண்டுபிடிப்பைச் செய்த நாள் 1928 பிப்ரவரி 28. அந்நாளே 1987 முதல் நமது நாட்டில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளியிலும் அன்று கண்காட்சி வைத்தோம். நாங்கள் நால்வரும் தெர்மாகோல் உருண்டைகளுக்கு வண்ணம் பூசி, எட்டுக் கோள்கள் கொண்ட சூரிய மண்டலத்தை அமைத்திருந்தோம். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சார்ட் ஒன்றை மாட்டியிருந்தாள். அழகான கையெழுத்து. தலைப்பு, ‘நவக்கிரகங்கள் சூரியனைச் சுற்றுகின்றன’. கடைசியில் சிறியதாக ஓர் உருண்டை. அதன் கீழே ‘புளூட்டோ’ என்றிருந்தது.

நாங்கள் சிரித்துவிட்டோம். மெதுவாகச் சிரிக்கவில்லை, பார்க்க வந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். “ஒன்பது இல்லை பாப்பா, எட்டுதான். இதுகூடத் தெரியாதா?” என்றோம். அவள், “எங்க அம்மா புத்தகத்தில் ஒன்பதுதான் இருக்குது அக்கா” என்றாள். “அப்படியானால் உன் அம்மா புத்தகம் தப்பு” என்றோம். அவள் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

சிஸ்டர் கொடுத்த வேலை

இச்செய்தி எங்கள் விஞ்ஞான ஆசிரியையாகிய சிஸ்டரின் காதுக்கு எட்டியது. அவர்கள் எங்களைக் கோபிக்கவில்லை. “யார் சொல்வது சரி என்று பார்த்தீர்கள். எந்த ஆண்டில் சரி என்று பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை. “அந்தக் குழந்தையின் அம்மா படித்த பிறகு அவர் மேலே படிக்க முடியாமல் போய்விட்டது. அந்த ஒரு புத்தகத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதைத் தப்பு என்று சொல்லுமுன் அது எப்போது அச்சானது என்று கேட்டிருக்கலாம் அல்லவா?” என்றார்கள். எங்கள் முகம் தொங்கிவிட்டது.

பின்பு சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். புளூட்டோவைப் பற்றி அவ்வப்போது உலகம் என்ன சொல்லிவந்தது என்பதை, ஆண்டு வரிசையில், பழைய செய்திகளைத் தேடி எழுதி வர வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் தேதியும், சொன்னவர் யார் என்பதும் இருக்க வேண்டும்.

ஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூன் மாதம் முதல் சனிக்கிழமைதோறும் கணினி அறையில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் இணையதளம், புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகத்தின் இணையதளம், சர்வதேச வானியல் கழகத்தின் இணையதளம் ஆகிய மூன்றையும் சிஸ்டரே தேர்ந்து கொடுத்தார்கள். ஆங்கிலம் கடினமாக இருந்த இடங்களில் அகராதி துணை செய்தது. நாங்கள் கண்டவற்றை இனி உங்கள்முன் வைக்கிறோம்.

விவசாயி மகன் கண்ட புள்ளி

பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தர் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு வானாய்வகம் கட்டினார். யுரேனஸ் கிரகம் கணக்குப் போட்ட பாதையிலிருந்து சற்று விலகிச் செல்வதாக அக்காலத்தில் கருதப்பட்டது. நெப்டியூனுக்கும் அப்பால் பெரிய கிரகம் ஒன்று இருந்து அதை இழுக்கிறது என்று லோவெல் நம்பினார். அது பூமியைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு நிறையுடையது என்றும் கணக்கிட்டார். தேடித் தேடியும் காணாமலேயே 1916-இல் அவர் காலமானார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1915-இல் அவரது ஆய்வகத்தில் எடுத்த படங்களிலேயே புளூட்டோ மங்கலாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த கிரகம் பெரியது; இந்தப் புள்ளியோ மிகச் சிறியது. ஆகவே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் தேடும் பணி கிளைட் டோம்பா என்ற இளைஞரிடம் வந்தது. இவர் விவசாயி மகன். ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்ததால் கல்லூரிக்குப் போக வழியில்லாமல் போயிற்று. ஆயினும் பழைய மோட்டார் காரின் பாகங்களையும், பாலேடு பிரிக்கும் இயந்திரத்தின் பாகங்களையும் கொண்டு தாமே தொலைநோக்கி செய்தார். அதன் வழியாகச் செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்த படங்களை லோவெல் ஆய்வகத்திற்கு அனுப்பினார். படங்களைப் பார்த்தவர்கள் 1929-இல் அவருக்கு வேலையே கொடுத்துவிட்டார்கள்!

அவர் செய்த வேலை பொறுமையைச் சோதிப்பது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இருமுறை படம் எடுக்க வேண்டும். இரண்டு படங்களையும் ஒரு கருவியில் பொருத்தி மாறி மாறிப் பார்க்க வேண்டும். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கிரகம் மட்டும் இடம் மாறியிருப்பதால் அந்தப் புள்ளி முன்னும் பின்னும் துள்ளும். 1930 ஜனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த இரு படங்களை அவர் பிப்ரவரி 18 அன்று ஒப்பிட்டுக் கொண்டிருந்தபோது ஒரு புள்ளி துள்ளியது. அதுவே புளூட்டோ. மார்ச் 13 அன்று, லோவெலின் பிறந்த நாளில், செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இதை நாங்களும் செய்து பார்த்தோம். ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் 200 புள்ளிகள் வைத்தோம். அதன் மேல் மற்றொரு மெல்லிய தாளை வைத்து அப்படியே நகல் எடுத்தோம். ஒரே ஒரு புள்ளியை மட்டும் அரை அங்குலம் தள்ளி வைத்தோம். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மாறியது என்று தெரியவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேல்தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டவுடன் அந்தப் புள்ளி ‘என்னைப் பார்’ என்று குதித்தது! தோழியரே, நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். தம்பி தங்கைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பெயர் வைத்த பள்ளிச் சிறுமி

எங்கள் தேடலில் எங்களை மிகவும் மகிழ்வித்த செய்தி இதுதான். 1930 மார்ச் 14 காலை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு வீட்டில் சிற்றுண்டி நேரம். தாத்தா செய்தித்தாளில் புதிய கிரகத்தைப் பற்றி வாசித்துச் சொல்கிறார். “அதற்குப் புளூட்டோ என்று பெயர் வைக்கலாமே” என்ற எண்ணத்தைச் சொல்கிறாள் பேத்தி வெனிஷியா பர்னி. அவளுக்கு வயது 11. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது! ரோமானியர் புராணத்தில் புளூட்டோ இருள் உலகத்தின் அதிபதி. சூரிய ஒளி மிகக் குறைவாகவே சேரும் இடத்திலிருக்கும் கிரகத்திற்குப் பொருத்தமான பெயர்தானே?

தாத்தா பால்கனர் மாடன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகத்தில் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைப் பேராசிரியர் டர்னர் என்ற வானியல் அறிஞரிடம் கூற, அவர் அமெரிக்காவிற்குத் தந்தி அனுப்பினார். ஆய்வகத்தார் மூன்று பெயர்களை வைத்து வாக்கெடுத்தபோது அனைவரும் புளூட்டோவையே தேர்ந்தெடுத்தனர். பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளும் பெர்சிவல் லோவெலின் முதலெழுத்துகளாக அமைந்தது கூடுதல் சிறப்பு. 1930 மே 1 அன்று பெயர் அறிவிக்கப்பட்டது. பேத்திக்குத் தாத்தா 5 பவுன் பரிசளித்தார்.

வெனிஷியா அம்மையார் 2006 ஜனவரியில் அளித்த பேட்டி ஒன்று நாசாவின் இணையதளத்தில் வெளிவந்தது. சிறு வயதில் பள்ளியில் களிமண் உருண்டைகளைப் பூங்காவில் உரிய தொலைவுகளில் வைத்துக் கிரகங்களின் தூரத்தை விளையாட்டாகக் கற்றதை அதில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் வளர்ந்து பெண்கள் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றி, 2009-இல் தமது 90-ஆம் வயதில் காலமானார்.

அந்த விளையாட்டையும் நாங்கள் விடவில்லை. நம் விளையாட்டுத் திடலில் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். அந்த அளவில் சூரியன் ஒரு கொண்டைக்கடலை. பூமியோ அரிசி மாவுத் துகளைப்போல் கண்ணுக்கே தெரியாதது. வியாழன் 5 மீட்டர் தூரத்தில், சனி 9½ மீட்டரில், யுரேனஸ் 19 மீட்டரில், நெப்டியூன் 30 மீட்டரில். புளூட்டோவின் பாதை நீள்வட்டமானதால் அது 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து 49 மீட்டர் வரை போய்வரும். எங்களில் ஒருத்தி புளூட்டோவாகக் கம்பிவேலி வரைக்கும் போய் நின்று கையசைத்தாள். அங்கே நின்றுகொண்டு இங்குள்ள கொண்டைக்கடலையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆண்டுக்கு ஆண்டு இளைத்த கிரகம்

அடுத்து நாங்கள் சேகரித்த செய்திகளைத் தேதி வரிசையில் அடுக்கியபோது வியப்பான ஒன்று தெரிந்தது. 1931-இல் புளூட்டோவின் நிறை ஏறக்குறைய பூமியளவு என்று மதிப்பிட்டார்கள். 1948-இல் கைப்பர் என்ற அறிஞர் பூமியில் பத்தில் ஒரு பங்குதான் என்றார். 1976-இல் அதன் மேற்பரப்பில் மீத்தேன் பனி இருப்பது தெரிந்தது. பனி ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே சிறிய பொருளும் பெரியதுபோல் ஒளிரும். எனவே நிறை பூமியில் நூறில் ஒரு பங்குக்கும் மேல் இராது என்று கணக்கிட்டார்கள்.

1978-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் புளூட்டோவின் படங்களைப் பார்த்தபோது அதன் ஓரத்தில் ஒரு புடைப்பு தெரிந்தது. படம் சரியில்லை என்று தள்ளிவிடாமல் பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அந்தப் புடைப்பு இருந்தது. ஆனால் இடம் மாறி மாறி இருந்தது. அது புடைப்பன்று, புளூட்டோவைச் சுற்றும் துணைக்கோள்! அதற்குக் கேரன் என்று பெயர் வைத்தார்கள். துணைக்கோள் சுற்றும் வேகத்தையும் தூரத்தையும் கொண்டு தாய்க்கோளின் நிறையைக் கண்டுவிடலாம். அந்த வழியில் கண்ட இன்றைய கணக்கின்படி, புளூட்டோ பூமியில் சுமார் 460-இல் ஒரு பங்குதான். நம் நிலவைவிடவும் எடை குறைந்தது.

இப்படிப் புளூட்டோ இளைத்துக்கொண்டே வந்ததைக் கண்ட இரு விஞ்ஞானிகள், 1980-இல், ‘இப்படியே போனால் 1984-இல் அது மறைந்துவிடும்’ என்று வேடிக்கையாகக் கட்டுரை எழுதினார்கள்! உண்மையில் புளூட்டோ இளைக்கவில்லை. நம் கண்ணும் கருவியும் கூர்மையாயின, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1979 பிப்ரவரி முதல் 1999 பிப்ரவரி வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. ஆகவே 1985-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று ‘தற்போது தொலைவிலுள்ள கிரகம் நெப்டியூன்’ என்று கூறினால் அது பிழையன்று. அடுத்த பக்கத்திலேயே கடைசிக் கிரகம் புளூட்டோ என்று இருந்தால் அதுவும் பிழையன்று. அச்சான ஆண்டைப் பாராமல் படிப்பவருக்குத்தான் இரண்டும் முரணாகத் தெரியும்.

பட்டியலிலிருந்து நீங்கிய நாள்

2005-இல் மைக் பிரௌன் என்பவரின் குழுவினர், பின்னர் ஏரிஸ் என்று பெயர் பெற்ற ஒரு பொருளைக் கண்டதாக அறிவித்தனர். அது புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது சொல்லப்பட்டது. ‘பத்தாவது கிரகம்’ என்றே செய்திகள் வந்தன. புளூட்டோ கிரகமானால் ஏரிஸும் கிரகம். நாளை இன்னும் பல அகப்பட்டால்? ஆகவே கிரகம் என்றால் என்ன என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது.

2006 ஆகஸ்டு 24 அன்று பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் கழகம் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. ஒன்று, சூரியனைச் சுற்ற வேண்டும். இரண்டு, தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். மூன்று, தன் பாதையை மற்றப் பொருள்கள் இல்லாதவாறு துப்புரவாக்கியிருக்க வேண்டும். முதல் இரண்டிலும் தேறிய புளூட்டோ, மூன்றாவதில் தேறவில்லை. ஆகவே அது ‘குறுங்கோள்’ ஆயிற்று. இந்த முடிவை ஏற்காத விஞ்ஞானிகள் இன்றும் இருக்கிறார்கள்.

இத்தகைய மாற்றம் இது முதன்முறை அன்று. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பலெர்மோ நகரில் சீரிஸ் என்ற கோளைக் கண்டவர் ஜூசப்பே பியாட்சி. அவர் ஒரு கத்தோலிக்கக் குரு! சீரிஸும் பல ஆண்டுகள் கிரகங்களின் பட்டியலில் இருந்தது. பின்பு அதைப்போலப் பல அகப்பட்டபின் சிறுகோள் எனப்பட்டது. 2006-இல் குறுங்கோளாக உயர்த்தப்பட்டது. புளூட்டோ எந்த முடிவால் இறங்கியதோ அதே முடிவால் சீரிஸ் ஏறியது.

அதே 2006-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று ‘நியூ ஹொரைசன்ஸ்’ விண்கலம் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. புறப்பட்டபோது அது ஒன்பதாவது கிரகத்தை நோக்கிப் புறப்பட்டது. சுமார் 480 கோடி கி.மீ. தொலைவிலிருந்த புளூட்டோவை 2015 ஜூலை 14 அன்று அது நெருங்கிக் கடந்தபோது, அங்கே இருந்தது குறுங்கோள். பெயர் மாறினாலும் புளூட்டோ மாறவில்லை. இதய வடிவில் பரந்த பனிவெளியும், தண்ணீர்ப் பனியாலான மலைகளும் படங்களில் தெரிந்தன. ஒரு மலைத்தொடருக்கு எவரெஸ்ட் ஏறிய டென்சிங்கின் பெயர் சூட்டப்பட்டது. அந்த விண்கலத்தில் தூசியை அளக்கும் கருவி ஒன்றை அமெரிக்கக் கல்லூரி மாணவ மாணவியர் செய்தனர். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? வெனிஷியா பர்னி!

விண்கலம் அளந்ததில் புளூட்டோவின் குறுக்களவு சுமார் 2,377 கி.மீ. என்று தெரிந்தது. ஏரிஸோ சுமார் 2,326 கி.மீ. தான். ஆக, ஏரிஸ் பெரியது என்ற 2005-ஆம் ஆண்டுச் செய்தியும் திருத்தம் பெற்றது. நிறையில்தான் ஏரிஸ் கூடுதல்.

லோவெலின் கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1989-இல் வாயேஜர்-2 விண்கலம் நெப்டியூனைக் கடந்தபோது அதன் நிறை திருத்தமாக அளக்கப்பட்டது. அதைக்கொண்டு 1993-இல் ஸ்டாண்டிஷ் என்பவர் மறுபடி கணக்கிட்டபோது, யுரேனஸின் பாதையில் விலகலே இல்லை என்று தெரிந்தது. இல்லாத கிரகத்தைத் தேடப் போய் இருக்கிற புளூட்டோவைக் கண்டிருக்கிறார்கள்! தேடியதன் காரணம் பிழை. ஆனால் இரு படங்களையும் ஒழுங்காக ஒப்பிட்ட உழைப்பு பிழையன்று. அதற்குப் பலன் கிடைத்தது.

தேதியை இழந்த செய்தி

இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு மாதத்தில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘ஆகஸ்டு 27 இரவு செவ்வாய்க் கிரகம் முழு நிலவளவு தெரியும், பார்க்கத் தவறாதீர்கள், அனைவருக்கும் அனுப்புங்கள்’ என்றிருந்தது. அவள் தம்பி அதை நம்பி, நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, இரவு மொட்டை மாடியில் காத்திருந்தான். பெரிய செவ்வாயைக் காணாமல் அழுதுகொண்டே உறங்கிவிட்டான்.

மறுவாரம் தேடிப் பார்த்தோம். 2003 ஆகஸ்டு 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5 கோடியே 58 இலட்சம் கி.மீ. அருகில் வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு அருகில் வந்ததில்லை. அது உண்மைச் செய்தி. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழு நிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்பதும் உண்மை. யாரோ தொலைநோக்கியை விட்டுவிட்டார்கள். வேறு யாரோ 2003 என்ற ஆண்டை விட்டுவிட்டார்கள். மீதி ஊர் ஊராகச் சுற்றுகிறது.

இங்கேதான் எங்களுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. தேதியோடு இருக்கும் பழைய செய்தி நமக்கு வரலாறு சொல்லித் தரும். தேதியை இழந்துவிட்டால் அதே செய்தி பொய்யாகிவிடும். அந்தச் சிறுமியின் அம்மா புத்தகத்தில் அச்சான ஆண்டு இருந்தது. நாங்கள்தான் அதைப் பார்க்கவில்லை.

ஆகவே விஞ்ஞானச் செய்தி எதைக் கண்டாலும் இப்போது நாங்கள் ஐந்து கேள்விகள் கேட்கிறோம்.

1. எந்த ஆண்டில், எந்த நாளில் சொல்லப்பட்டது?

2. சொன்னவர் யார்? கண்டுபிடித்தவரா, அவரிடம் கேட்டவரா, கேட்டதைக் கேட்டவரா?

3. எதைக்கொண்டு சொன்னார்? படமா, அளவா, ஊகமா?

4. அதன்பின் அதே பொருள்பற்றிப் புதிய செய்தி வந்திருக்கிறதா?

5. செய்தியிலிருந்து ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

தமிழில் பழைய விஞ்ஞான நூல்களைத் தேட விரும்பும் தோழியருக்கு ஒரு குறிப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் இன்றைய சொற்களைமட்டும் கொண்டு தேடினால் பல நூல்கள் அகப்படா. கோள் என்று நாம் எழுதுவதை அன்று கிரகம் என்று எழுதினார்கள். ஆக்சிஜன் அன்று பிராணவாயு. தொலைநோக்கி அன்று தூரதிருஷ்டிக் கண்ணாடி. நம் பாட்டிமாரிடம் கேட்டால் இன்னும் பல சொற்கள் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தன.

மீண்டும் அந்தச் சார்ட்

நாங்கள் எழுதிய பக்கங்களைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். முழுவதும் வாசித்துவிட்டு, “இதை முதலில் காட்ட வேண்டியவள் நான் இல்லையே” என்றார்கள்.

ஏழாம் வகுப்பிற்கு வந்துவிட்ட அந்தச் சிறுமியைத் தேடிப் போனோம். முதலில் எங்களைப் பார்த்ததும் அவள் தோழிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். சார்ட் இருக்கிறதா என்று கேட்டதற்கு, கிழித்துப் போடவில்லை, வீட்டில் இருக்கிறது என்றாள். அவளை உட்காரவைத்து, அவள் வயதுப் பெண் ஒருத்தி ஒரு கிரகத்திற்குப் பெயர் வைத்த கதையைச் சொன்னோம். அவள் கண்கள் அகல விரிந்தன. “அப்போ எங்க அம்மா புத்தகம் தப்பு இல்லையா அக்கா?” என்று கேட்டாள். “அது அச்சான ஆண்டில் சரி” என்றோம்.

மறுநாள் சார்ட்டையும், உறை போட்ட அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்தாள். உள் பக்கத்தில் 1998 என்று அச்சாகியிருந்தது. சார்ட்டின் கடைசி உருண்டையின் கீழே அவள் கையாலேயே, ‘1930 முதல் 2006 வரை ஒன்பதாவது கிரகம், 2006 முதல் குறுங்கோள்’ என்று எழுதினாள். எங்கள் எட்டுக் கோள்களின் கீழே நாங்களும் ‘2006-ஆம் ஆண்டு முடிவின்படி’ என்று எழுதி ஒட்டினோம். இரண்டும் இப்போது ஆய்வகச் சுவரில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன.

பெற்றோர் கூட்டத்திற்கு வந்த அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு எங்களிடம், “புளூட்டோவை எடுத்துவிட்டார்கள் என்று பாப்பா வந்து அழுதாள். ஏன் எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்” என்றார்.

அன்புத் தோழியரே! நாம் இன்று படிக்கும் பாடங்களிலும் சில நாளை மாறக்கூடும். நம் பிள்ளைகளோ, பேரப்பிள்ளைகளோ நம் புத்தகத்தைத் திறந்து எட்டு என்பதைக் கண்டு சிரிக்கக்கூடும். அப்போது அவர்கள் முதல் பக்கத்தைப் புரட்டி ஆண்டைப் பார்க்க வேண்டும் என்று நாம் விரும்புவோம் அல்லவா? அதை இன்று நாம் மற்றவர்களுக்குச் செய்வோம். உங்கள் வீட்டுப் பரணில் அப்பா அம்மா படித்த விஞ்ஞானப் புத்தகம் இருந்தால், தூசி தட்டி எடுங்கள். ஆண்டைப் பாருங்கள். அதிலிருந்து இன்றுவரை என்ன மாறியது என்று தேடுங்கள். தேடியதை அவர்களிடமே முதலில் சொல்லுங்கள்.



— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் நால்வர் சார்பில், அவர்களுள் ஒருத்தி